மூன்று நாள் வாடகை வண்டி

இந்தத் தீவில் நெடும்பயணம் போக ஆசைப்படுகிறவர்
வளைந்து வளைந்துதான் போகவேண்டும்.
நேராகப் போனால் முக்கால் மணி நேரத்தில்
கடல் வந்துவிடும்.

மார்ச் மாதம். வசந்தம் என்று இங்கே ஒன்றும் வருவதில்லை.
வெயில் காய்ந்து காய்ந்து, பிறகு ஒரு நாள் கொட்டினால்
விரைவுச்சாலை ஓரத்து டெக்கோமா மரங்கள்
இலைகளை மறந்துவிட்டு இளஞ்சிவப்பாகும்.
அதுவும் சில நாள்தான், அப்புறம் எல்லாம் தார்மேல்.

இவர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
பேருந்து நிறுத்தம் கண்டால்
இன்னும் இடப்பக்கம் ஒதுங்குகிறார்.
"யாரும் ஏறப் போறதில்ல, போங்க" என்கிறேன்.
கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.
என் மடியில் தொலைநோக்கி, முறுக்கு டின்,
கோடு போட்ட நோட்டு.

சுங்கை பூலோவில் காலை ஏழு பத்து.
கடல் ஏறிவர, குளத்து மேட்டில் ஒதுங்கியிருந்தன
கல்பொறுக்கிகள். எண்பது. இல்லை, தொண்ணூற்று மூன்று.
எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிக்கொள்கின்றன.
வந்த நாளிலிருந்து அழுக்குச் சாக்கு நிறத்தில் திரிந்தவை
இப்போது முகத்திலும் வயிற்றிலும் கறுப்பேறி
கல்யாணத்துக்குக் கிளம்பினவர்கள் மாதிரி நிற்கின்றன.
இனி சைபீரியா.
"சுடா கெமோக்" என்றார் பக்கத்தில் நின்ற சீனர்,
எங்களுக்காக மலாயில்.
கொழுத்துவிட்டனவாம், கிளம்பிவிடுமாம்.
இவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.
நானும் ரெடி.

சுவா சூ காங்கில் மகன் வீடு, பதினான்காம் மாடி.
விடிகாலை நாலரைக்குக் குயில் கத்துகிறதென்று
மருமகள் நகர மன்றத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.
"உங்க பறவைதான் மாமா" என்றாள்,
நாங்கள் கொண்டுவந்து விட்டதுபோல.
பேரன் கைத்தொலைபேசியிலிருந்து
ஒரே ஒரு முறை தலை நிமிர்த்தினான்.
நோட்டில் எழுதினேன்:
ஆண், இளம் பறவை, நான்கு நொடி.

ஈசூனுக்குப் போவதாகத் திட்டமே இல்லை.
பாசிர் ரிஸ் நாரைக் கூடுகளைப் பார்க்கத்தான் கிளம்பினோம்.
வண்டி ஈசூனில் போய் நின்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை.
அப்பா வீடு விற்ற பணத்தில் முறிந்த பேச்சு,
பதினோரு வருடம்.
கதிரேசன் மாமா கதவைத் திறந்து, இவரைப் பார்த்து,
"கார எங்க நிறுத்தின? பார்க்கிங் கட்டினியா?" என்றார்.
"கட்டிட்டேன்."
அப்புறம் கோப்பி. அப்புறம் காற்றாடியின் சத்தம்.
எந்தப் பேருந்து முன்பு எந்த வழியாகப் போனது என்று
இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.
ஒருவர் சொன்னது தப்பென்று மற்றவருக்குத் தெரியும்,
திருத்திக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது நடைபாதையில் எங்களை நிறுத்தினார்.
துணி காயப்போடும் கொடியில் சின்னப் பைபோல ஒரு கூடு:
நார், பஞ்சு, நாலு நம்பர் சீட்டின் கிழிசல்.
"என் சீட்டுதான்" என்றார். "விழல."
தேன்சிட்டு உள்ளே இருந்தது, வளைந்த மூக்கு மட்டும் வெளியே.
இரண்டு வாரமாக அந்தப் பக்கம் துணி போடவில்லையாம்.
விளக்குப் போடுவதில்லையாம்.
தொலைநோக்கி வேண்டாத தூரம்.
இரண்டு கிழவர்கள் மூச்சை அடக்கி, தோள் இடிக்க நின்றார்கள்.
பக்கத்து வீட்டுப் பையன் காலணி மாட்டப் பத்து நிமிடம் எடுத்தான்,
அவனையும் "உஷ்" என்றார்கள், ஒரே சமயத்தில்.

நாரைகளைப் பார்க்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
வண்டிக் கடைக்காரன் கால்மிதியைத் தூக்கிப் பார்த்து
"இவ்வளவு சேறு எங்கிருந்து?" என்றான்.
சுத்தம் செய்ய இருபது வெள்ளி பிடித்துக்கொண்டான்.
நோட்டில் தேன்சிட்டு, பெண், அடை, என்று எழுதி
கீழே ஒரு வரி விட்டேன்.

வீடு திரும்பப் பேருந்துதான். முன் இருக்கை.
ஓட்டுநர் ஒரு சின்னப் பெண், நன்றாகத்தான் ஓட்டினாள்.
ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும்
இவர் வலது கால் தரையை மிதித்தது.