பி பதினேழு

டப்பாவில் மருந்தின் பெயர் இல்லை.
பி பதினேழு, அவ்வளவுதான்.
அருள்தாஸுக்கு பி பதினெட்டு.
ராத்திரி வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை,
எட்டு வாரம்.
பால் கூடாது என்றார்கள்:
பாலின் சுண்ணச்சத்து துத்தநாகத்தை
உள்ளே விடாமல் வாசலிலேயே மறிக்குமாம்.
சொன்னேன். அம்மா காய்ச்சிய பாலை
பேசாமல் உறைக்கு ஊற்றினாள்.

துத்தநாகம்.
பேரிலேயே ஒரு பாம்பு நெளிகிறது.
எங்கள் தேவனாம்பட்டினத்தில் அது கூரைத் தகடு,
உப்புக்காற்று கரும்பித் தின்ன
வருஷக்கணக்கில் ஆகிற பூச்சு.
அதைத் தின்றால் தோள் விரியும், தூக்கம் ஆழமாகும்,
ரத்தத்தில் ஆண்மை ஏறும் என்று
மஞ்சக்குப்பம் மைதானம் முழுக்கப் பேச்சு.
“ஏறுதான்னு பாக்கத்தான் இந்த ஆய்வே”
என்றார் பிரமிளா மேடம்.
யார் காதில் விழுந்தது.

காலை ஏழு மணிக்கு ரத்தம்.
அப்போதுதான் ஹார்மோன் உச்சியில் நிற்குமாம்.
வெயில் ஏற இறங்கிவிடும்,
ஏலம் முடிந்த மத்தியின் விலை மாதிரி.
பிறகு இடுக்கி:
வயிற்றுத் தோலை, தொடையை, முதுகின் மடிப்பை
நண்டு போலக் கவ்வி மில்லிமீட்டர் சொல்லும்.
அறுபத்தெட்டு கிலோவில்
கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று
என்னைக் கூறு போட்டுத் தாளில் தந்தார்கள்.
பாட்டு விடாமல் எதிர்க்களத்தில் நிற்கிறவன்
அந்தக் கூறு எதிலும் இல்லை.

முதல் எண்கள் வந்த அன்று
டெஸ்டோஸ்டிரோன் என்பது
எவன் வாயிலும் ஒழுங்காக வரவில்லை.
எண் மட்டும் வந்தது.
ஐந்நூற்று நாற்பது. அறுநூற்றுப் பத்து.
ஒருவன் எழுநூறு என்று சட்டையைக் கழற்றினான்.
அருள்தாஸ் தாளை நான்காக மடித்து
ஷூவுக்குள் வைத்துக்கொண்டான்.

அவன்தான் எங்கள் முதல் ரெய்டர்.
அன்று கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பினான்,
வெந்நீரில் விரல் வைத்துப் பார்க்கிறவன் போல.

சில்வர் பீச்சில், சுண்டல் காகிதம் பறக்க,
“உனக்கு எவ்ளோடா?” என்றான்.
என் எண் ஐந்நூற்று எண்பது.
“எரநூத்தித் தொண்ணூறு” என்றேன்.
ஓர் அலை வந்து போனது.
“எனக்கு முந்நூத்தி ரெண்டு.”
இன்னோர் அலை.
“அப்ப நான்தான்டா உன்னவிட ஆம்பள!”
தள்ளிவிட்டு ஓடினான்.
என் வாயெல்லாம் மணல்.

எட்டாம் வாரம் தோள் விரிந்தது போலத்தான் இருந்தது.
கனவுகள் பளிச்சென்று வந்தன:
ஒன்றில் உப்பனாறு முழுக்க மாத்திரை மிதக்க
அப்பா வலை வீசினார்.
நெஞ்சில் புதிதாக நாலு முடி.
எண்ணி வைத்திருந்தேன்.

கடைசி நாள் உறையைப் பிரித்தார்கள்.
பி பதினேழு: மாவு.
வெறும் மாவு.
பதினெட்டில்தான் துத்தநாகம், மக்னீசியம் எல்லாம்.
அருள்தாஸுக்கு முந்நூற்றிரண்டு
முந்நூற்றுப் பதினொன்று ஆகியிருந்தது.
ஏற்றம் என்று சொல்ல முடியாதாம்;
ஒரே ஆளின் ரத்தம் வாரத்துக்கு வாரம்
அதைவிட அதிகமாக ஆடுமாம்.

என் தாளைக் கேட்டான். கொடுத்தேன்.
முதல் வரியில் ஐந்நூற்று எண்பது.
வெகுநேரம் பார்த்தான்.
நான்காக மடித்து என் ஷூவுக்குள் செருகினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்று மாலை என்னை எதிரணிக்கு அனுப்பிவிட்டு
ஏழு பேர் நடுவில் என்னை மட்டும் தொட்டான்,
மூன்று முறை.

டப்பாவில் இப்போது அப்பாவின் தூண்டில் முட்கள்.
பி பதினேழு இன்னும் அழியவில்லை.
அம்மா மறுபடி பால் தருகிறாள்.
அந்த நாலு முடியும்
அப்படியே இருக்கின்றன.