ஐந்தாம் பாட்டன்

அண்ணன் மகன் என்று சொல்லவேண்டும்.
உறவென்றால்தான் குழு கையெழுத்துப் போடும்
என்றார் தரகர்.

கல்யாணம் ஆகாமலே
கரகந்தாச் சுரங்கத்தில் வாயு வெடித்துப் போன
என் அண்ணன் அமன்தாய்க்கு
இருபத்திரண்டு வயதில் ஒரு மகன்
ஜலாலாபாத் பேருந்திலிருந்து இறங்கினான்,
காதுவரை இழுத்த தொப்பியும்
ஒரு பை வால்நட்டுமாக.
வெறுங்கையோடு வரக்கூடாதாம்.

பேரத்தில் வீடு போயிருந்தது.
என் இரத்தம் ஒத்துவரவில்லை.
அவள் அப்பாவின் சிறுநீரகத்தில் கல்.
பதினொரு வயது இன்காருக்கு
ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர்,
மூடியில் அளந்து.
ஒரு இரவு ஜன்னலைத் திறந்து
விளிம்புப் பனியைக் கையுறையால் அள்ளித் தின்றவளை
அறைந்தேன்.
அந்த அறை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

எங்கள் ஸ்தெப்பியில்
ஏழு தகப்பன்மாரின் பெயர் தெரியாதவன்
அநாதைக்குச் சமம்.
குழுவிலிருக்கும் கிழட்டு டாக்டர் அதைத்தான் கேட்பாராம்.

அல்மாத்தியில் வாடகை அறை.
ஹீட்டர் ஓடவில்லை. கோட்டோடு உட்கார்ந்து
மூன்று இரவு சொல்லிக்கொடுத்தேன்:
அமன்தாய், ஜுமாபெக், காசென், இத்பாய்,
தோலெகென், போகென்பாய், சர்மான்.

"என் ஏழு பேரும் எனக்குத் தெரியும் அத்தை.
அவர்களை எங்கே வைக்க?"

ஒரு நாளைக்குத்தான் என்றேன்,
செருப்பை வாசலில் விடச் சொல்வதுபோல.

தரகர் சொல்லிக்கொடுத்தபடிதான்
அத்தை என்று கூப்பிட்டான்.
அறையில் யாரும் இல்லாதபோதும்
ஏன் அப்படியே கூப்பிட்டான் என்று தெரியவில்லை.
அவன் உண்மைப் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டால் வாய் தவறிவிடும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.

விளக்கணைத்த பிறகு கேட்டான்,
"பஜாரில் மூட்டை தூக்குகிறேன்.
அப்புறம் தூக்கினால் வலிக்குமா?"

வலிக்காது என்றேன்.
எனக்கு என்ன தெரியும்.

நீண்ட மேசை. மூன்று பேர்.
கிழட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
"சொல்லு தம்பி, உன் ஏழு பேர்."

அமன்தாய், ஜுமாபெக், காசென், இத்பாய்,
பிறகு மின்விசிறிச் சத்தம்.
பிறகு
"பெர்திகே" என்றான்.

அப்படி எங்கள் வம்சத்தில் யாரும் இல்லை.
மலைக்கு அந்தப் பக்கத்தில்
அவனுடைய யாரோ, குதிரையோ கொட்டை மரமோ வைத்திருந்தவர்,
பேரன் உள்ளே தனியாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்
எழுந்து வந்துவிட்டார் போல.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
"ஆமாம்" என்றேன். "பெர்திகே."
தோலெகெனைத் தூக்கி வெளியே போட
எனக்கு ஒரு மூச்சு கூட ஆகவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டது.
பேனாவைத் தேடுவதுபோல் வெகுநேரம்
கோட்டுப் பையைத் துழாவினார்.
எழுதிவிட்டு
எங்கள் இருவரையும் பார்க்காமல் போனார்.

மயக்கம் தெளிந்து நான் போனபோது
அவன் கட்டில் காலி.
விரிப்பைக்கூட மாற்றிவிட்டார்கள்.
நான் எண்ணிக் கொடுத்ததில் அவனுக்கு எத்தனை போனது
என்று தரகரிடம் கேட்டதற்கு
லிஃப்ட் வந்துவிட்டது என்றார்.

இப்போது வேறு ஊரில், வேறு வீட்டில்,
வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களுக்காக
எண்ணெயில் ரொட்டி சுடுகிறேன்,
ஒவ்வொரு பெயருக்கும் ஒன்று.
தோலெகெனிடம் மன்னிப்புக் கேட்டு அவருக்கும் வைத்து
எட்டாவதை பெர்திகேக்கு வைக்கிறேன்.
உயிரோடிருக்கிறவனுக்கு வைக்கக் கூடாது என்பார்கள்.
வைக்கவில்லை.
அவன் மூட்டை தூக்குகிறானா என்று மட்டும்
மாவு பிசையும்போது.

கழிவறையில் இன்கார்.
கதவுக்கு வெளியே நின்று
அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.
திருட்டுத்தனமாகத்தான், இன்றும்.
"அம்மா, போ அந்தப் பக்கம்!" என்று கத்துகிறாள்.
வெளியே வந்து
குழாயைத் திறந்து
ஒரு முழு டம்ளர், அளக்காமல்,
கழுத்து ஏறி இறங்கக் குடிக்கிறாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்கிறாள்:
"யாரம்மா பெர்திகே?"