பதினெட்டாம் மணி

முக்காவிலிருந்து மூட்டையில் வந்த சாகோ மாவு
நேற்று மதியம் ஒன்றிலிருந்து
ஐம்பத்தைந்து டிகிரியில் அவிழ்கிறது.
கறுப்புப் பூஞ்சையின் நொதி
கண்ணியைக் கழற்றி
வேறு கோணத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.
அந்த முடிச்சுக்குக் கத்தரி
நம் குடலில் அநேகமாய் இல்லை.
சர்க்கரைதான், ஆனால் இரத்தத்துக்கு ஓடாது;
கீழே இருட்டில் குடியிருக்கும் கோடிப் பேருக்கு
அது சோறு.

ஏழு மணிக்கு நிறுத்தியாக வேண்டும்.
விட்டால் கட்டியதையே பிரித்துப் போடும்,
வெறும் குளுக்கோஸ் பெருகும்.

ஆறு ஐம்பது.
பினாங்குப் பாலத்தில் லாரி கவிழ்ந்து
சியூ மின் கடலுக்கு மேலே நிற்கிறாள்.
தொலைபேசியில் மலாயில் கத்துகிறாள்:
நீயே கொதிக்க வை, தமயந்தி.
நான் குடுவை கழுவ வந்தவள்.

தொண்ணூற்றைந்து டிகிரி. பத்து நிமிடம்.
இரவெல்லாம் உழைத்தது
சத்தமில்லாமல் சுருண்டிருக்கும்.
பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை,
அதே கஞ்சித் தண்ணீர்.

கூடாதுதான். ஒரு துளி நாக்கில் வைத்தேன்.
மெல்லிய தித்திப்பு,
வந்ததும் போய்விட்டது.
எனக்கு அவ்வளவுதான் பங்கு போல.

பதிவேட்டில் ‘செய்தவர்’ என்றொரு கட்டம்.
சியூ மின் என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.