மீதி ஆறு

பிப்ரவரி. ஏரிக்கு மேல் அரை மீட்டர் கட்டி.
ஹவுகிரந்தாவில் உறையாத தண்ணீர்
என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.
நான்கு தொட்டி, ஆவி பறக்க, எட்டு டிகிரியில்
மூவாயிரத்து நூறு பேர்
குளித்தது, கழுவியது,
கதவைச் சாத்திக்கொண்டு அழுத்திவிட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இந்த ஊருக்கு வாயே இல்லை.
கடை வரிசையில் பனியைப் பற்றி இரண்டு சொல்,
அதோடு சரி.
பேசுவதெல்லாம் குழாய் வழியாகத்தான்.
சனிக்கிழமை ஆறு மணிக்கு
சவுனா முடிந்த தண்ணீர் ஒரே அலையாக வரும்,
சல்லடையில் பிர்ச் இலை ஒட்டிக்கொள்ள.
ஐஸ் ஹாக்கி இடைவேளை எப்போது என்று
தொலைக்காட்சி இல்லாமலே சொல்வேன்.

காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்:
மணி போலத் தலை, சுருண்டு நிமிரும் காம்பு,
குளிரில் மந்தம், ஆனாலும் உயிர்.
தின்னத் தெரிந்ததைத் தின்கின்றன.
மாத்திரையைத் தின்னத் தெரியாது அவற்றுக்கு.
அதற்குத்தான் ஓசோன்,
அதற்குப் பின்னால் கரி நிரப்பிய கோபுரம்,
அதற்குத்தான் நகர மன்றத்தில்
தோர்ஸ்தி கேட்ட கேள்வி:
"மின்னலையா விலைக்கு வாங்குகிறாய், ரைலி,
இவ்வளவு பில் வர?"
கிட்டத்தட்ட மின்னல்தான் என்றேன்.
இடி ஓய்ந்த பிறகு வரும் வாசனை
என் கோட்டை விட்டுப் போவதே இல்லை.
வெய்யோ மட்டும் சிரித்தான்.

காகித ஆலை அக்டோபரில் மூடியது.
நவம்பர் அறிக்கையில், உள்ளே வரும் நீரில்,
மனச்சோர்வுக்கான மருந்து ஒன்று
கொஞ்சம் தலை தூக்கியிருந்தது.
டிசம்பரில் ஒன்றரை மடங்கு.
ஜனவரியில் இரட்டிப்பு.
முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்த நீரில்
முதுகுவலி மருந்துதான் அதிகம்.
இப்போது யாருக்கும் முதுகு வலிக்கவில்லை.

மருந்துக்கடை இம்பிக்குப் பெயர்கள் தெரியும்,
சொல்லமாட்டாள்.
எனக்கு மொத்தம் தெரியும், பெயர் தெரியாது.
கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் இருவரும்
பால் பாக்கெட்டில் தேதியைத் தேடுவோம்.

பொய். ஒரு பெயர் தெரியும்.
காலை ஏழு மணி, பாதி மாத்திரை, அரை டம்ளர் தண்ணீர்.
எந்த நானோகிராம் என்னுடையது என்று
தொட்டியோரம் நின்று பார்த்திருக்கிறேன்.
எட்டு மணிக்கு நான் வேலைக்கு வருகிறேன்,
பத்து மணிக்கு
இன்னொரு முறை வருகிறேன்.

மன்றத்தில் இரட்டிப்பைச் சொல்லவில்லை.
அந்தத் தாளை மடித்துவிட்டு
வெளியேறும் நீரை மட்டும் வாசித்தேன்:
தொண்ணூற்று நான்கு விழுக்காடு நீக்கம்.
நாற்காலிகள் நகர்ந்தன. காப்பி ஆறிப்போயிருந்தது.
இன்னும் ஓர் ஆண்டு ஓட்டலாம் என்று
ஐந்துக்கு நான்கு.
கடைசியாக உயர்ந்த கை தோர்ஸ்தியுடையது.
மூன்றாம் இயந்திரத்தில் இருபத்தாறு வருடம் நின்ற கை.
நான் தாள்களை அடுக்குவது போல்
குனிந்துகொண்டேன்.

மீதி ஆறு
கட்டிக்கு அடியில் போகிறது.
அந்தத் தண்ணீரில் வளரும் பெர்ச் மீனுக்குப்
பயம் விட்டுப்போகலாம்,
கூட்டத்தை விட்டுத் தனியே நீந்தலாம் என்கிறார்கள்.
பைக் மீனுக்கு அது நல்ல சேதி.

ஞாயிறு மாலை, வெளியேறு குழாய்ப் பக்கம்,
முக்காலி போட்டு ஒரு முதுகு.
ஐஸில் துளை, தூண்டில், பிளாஸ்க்.
"அங்கே கட்டி மெலிசு, தோர்ஸ்தி.
என் தண்ணீர் சூடு."
"தெரியும்" என்றான்
திரும்பாமல்.

எது தெரியும் என்று நான் கேட்கவில்லை.
கரையிலிருந்து இறங்கி
அவனுக்குப் பின்னால் நாலு அடியில் நின்றேன்.
எங்கள் இருவர் எடைக்கும்
கட்டி ஒரு முறை முனகியது.
அவன் தூண்டிலைச் சுற்றினான். நிதானமாக.
முக்காலியைத் தூக்கிக்கொண்டு
கரைப்பக்கம் இருபது எட்டு நடந்தான்,
குளிருக்காக என்பதுபோல.

பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி
என் பக்கம் நீட்டினான்.
நிலையத்தில் அலாரம் அடிப்பது கேட்டது.
குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.