எடைமேடை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு
இந்தப் பக்கம் நூறடி தள்ளி
பதினோரு வருஷமாக லாரி நிறுக்கிறேன்.
டயர் பிதுங்குவதைப் பார்த்தே
டன் கணக்கைச் சொல்லிவிடுவேன்.
வைக்கோல் வண்டி வானத்தை மறைத்துக்கொண்டு வரும்,
ஒன்றும் இருக்காது.
கருங்கல் பாதிதான் நிறைந்திருக்கும்,
மேடை முனகும்.

பாலக்காட்டில் டாக்டர் ஷீபா குரியன்
என் மார்பிலிருந்து எடுத்த நூல் தடிமன் சதையை
சாயம் ஏற்றிப் பார்த்தாயிற்று என்றார்.
எத்தனை செல் பழுப்பாகிறது,
எத்தனை பெருகிக்கொண்டிருக்கிறது,
எல்லாம் எண்ணி கம்ப்யூட்டரில் போட்டதில்
உங்களைப் போல நூறு பேருக்கு இந்தக் கீமோ கொடுத்தால்
அறுபத்திரண்டு பேருக்கு
கட்டி நன்றாகச் சுருங்கும்.

நான் அதில் எந்தப் பக்கம்?

பேனாவை மூடினார்.
"நோக்காம்."

பார்க்கலாம்.
எங்கள் பக்கம் கடன் கேட்டால் சொல்வது,
பெண் பார்த்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிறவர்கள் சொல்வது.
மலையாளத்தில் அதற்கு
உண்மையாகவே பார்ப்பது என்றுதான் அர்த்தமோ என்னவோ.
திரும்பும் பஸ்ஸில்
மீதி முப்பத்தெட்டுப் பேரும் என்னோடு ஏறினார்கள்.
கொழிஞ்சாம்பாறையில்கூட ஒருத்தி இறங்கவில்லை.

பக்கத்து நாற்காலி ருக்கியாவுக்கு
முதலமடையில் மாங்காய்ப் பெட்டி அடுக்கும் வேலை.
அவளுடைய எண் இருபத்தி நாலு.
மூன்றாவது டோஸ் முடிந்து ஸ்கேனில் தேடினார்கள்,
கட்டி இருந்த இடம்தான் இருந்தது.
சிரிப்பதா என்று தெரியாமல்
என்னைப் பார்த்தாள்.
எனக்கு முப்பத்து நாலு மில்லிமீட்டர்
முப்பத்தொன்று ஆகியிருந்தது.

"மருந்து மாத்தி, பாக்கலாம்" என்றார் டாக்டர்,
இந்த முறை தமிழில்,
ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி.

ராத்திரி ஒன்றரை. மப்ளரை
மொட்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பொன்னுரங்கம் வண்டியை மேடையில் ஏற்றுகிறான்.
தலையை வெளியே நீட்டி
வழக்கமான டீ பந்தயம்:
"எவ்ளோ இருக்கும்க்கா, சொல்லு."

டயரைப் பார்க்காமலிருக்க முடியவில்லை.
ஒரு எண் தானாக வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.

கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள்
ஏறி, இறங்கி, மறுபடி ஏறி,
நிற்கவேயில்லை.

"முதல்ல நீ இறங்குப்பா.
உள்ள ஆள் இருந்தா
கணக்கு தப்பும்."