நாற்பத்தொன்பது வயதில் யாருமில்லை

டுர்குவில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே ஆற்றோரம் விளக்கேற்றிவிட்டார்கள்.
திரையில் என் அணி திறந்து கிடக்கிறது,
நாற்பது நிரை, மூன்று நிரல்.
முதல் நிரலில் ஒன்று என்றால்
கப்பல்துறையில் பற்றவைப்பவர்.
இரண்டாவதில் ஒன்று என்றால்
நகர நூலகத்துக்காரர்.
மூன்றாவதில் வயது.

எளிய கேள்வி என்றுதான் வந்தார் பெண்ட்டி.
மாங்கனீசுப் புகையை முப்பது வருடம் இழுத்தவர்களின்
மூளை, அடியாழத்தில்,
மற்றவர்களுடையதைப் போல்தான் இருக்கிறதா?
"வயதை மட்டும் கழித்துவிடு ஹில்லா,
வெள்ளிக்குள் முடித்துவிடலாம்."

கழித்துவிடு.
நனைந்த சட்டையைப் பிழிந்து
தண்ணீரைத் தனியே எடுப்பதைப் போல.

வயது நிரலை இரண்டாகப் பிளந்தேன்,
குழுவுக்கொரு சாய்வு.
மையம் எதுவென்று சொல்ல மறந்துபோனேன்.
கணினி முகம் சுளிக்காமல் விடை தந்தது:
பிறந்த நிமிடத்தில்
ஒரு பற்றவைப்பவருக்கும் ஒரு நூலகருக்கும் உள்ள வேறுபாடு.
தொட்டிலில் இரும்பு முகமூடியோடு ஒன்று,
பக்கத்துத் தொட்டிலில்
தேதி முத்திரையைச் சப்பிக்கொண்டு ஒன்று.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சரி, எல்லோரிடமும் சராசரியைக் கழித்தேன்.
சராசரி நாற்பத்தொன்பது.
சிவப்பெல்லாம் அணைந்தது.
மூத்த நூலகருக்கு நாற்பத்தேழு.
பற்றவைப்பவர்களில், ஒருவனை விட்டால்,
இளையவருக்கு ஐம்பத்திரண்டு.
இரண்டு கரைக்கும் நடுவே
ஆளே இல்லாத ஒரு வயதில் நின்று
இரண்டும் ஒன்றுதான் என்கிறது என் கணக்கு.

பிறகு அவரவர் குழுவின் சராசரியை
அவரவரிடமே கழித்தேன்.
ஐம்பத்தெட்டுக்கு எதிரே நாற்பத்தொன்று.
பொங்கி வந்தது சிவப்பு.
பெண்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"இதுதான், இதுதான்."
அந்தச் சிவப்புக்குள்
பதினேழு வருடம் ஒளிந்திருக்கிறது என்றேன்.
கேட்டாரா தெரியவில்லை.

ஒருவனை விட்டால் என்றேனே, அவன் ஏமெலி.
இருபத்தாறு வயது.
காதுக் கடுக்கனைக் கழற்ற வேண்டுமா என்று மூன்று முறை கேட்டவன்.
பற்றவைப்பவர்களின் கோடு முழுதும்
அவன் ஒற்றைத் தோளில் சாய்ந்திருக்கிறது.
அவனை எடுத்துப் பார்த்தேன்,
ஏணி சரிந்தது.
திரும்ப வைத்தேன்.

ரெய்யோவுக்கு அறுபத்தொன்று.
கருவியிலிருந்து வெளியே வந்து
பூட்ஸ் மாட்டிக்கொண்டே கேட்டார்,
"என் தலை எப்படி?"
எல்லோரையும் சேர்த்துத்தான் பார்ப்போம் என்றேன்.
"அதில் என் பங்கு?"
பத்தொன்பதில் ஒன்று.
"கூலி பிரிக்கிற மாதிரி," என்றார்.
அவருடைய புகையும் அவருடைய வயதும்
ஒரே நுரையீரலில் ஒன்றாக வளர்ந்தவை.
எதை எதிலிருந்து கழிக்க?
ஒரு வருடத்தைப் பிடித்து இழுத்தால்
கூடவே வருகிறது ஒரு வருடத்துப் புகை.

வியாழன் இரவு பெண்ட்டிக்கு எழுதினேன்.
எந்த வடிவம் சரி என்று இனிக் கேட்காதீர்கள்.
ஒவ்வொரு வடிவமும் வேறு கேள்விக்குச் சரியான பதில்,
நம் கேள்விக்கு இந்த நாற்பது பேரிடம் பதில் இல்லை.
அணி என்றால் இரு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.
புகை படாத ஐம்பதுகள் பத்துப் பேர்,
ஏமெலிக்குத் துணையாக இளையவர்கள் பத்துப் பேர்.
அதுவரை அந்தச் சிவப்பை யாருக்கும் காட்ட வேண்டாம்.

பதில் ஒரே சொல்.
"வெள்ளி?"

கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
ஆற்றைக் கடக்கும் படகில் என்னோடு இரண்டு பேர்,
ஒரு சைக்கிள்.
படகு இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது, புகையில்லை.
ஓட்டுநரிடம் வயது கேட்டேன்.
ஐம்பத்தாறு.
பற்றவைத்ததுண்டா?
"என் வீட்டுக் குழாயைக்கூட இல்லை."
நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு ஓடியது.
உடம்பில் உலோகம் ஏதும்?

இடுப்பைத் தட்டிக் காட்டினார்.
"இரண்டு திருகாணி. பனியில் விழுந்தேன்.
எதற்குக் கேட்கிறீர்கள்?"