நான்கெல்லைக்குள்

'கன்னடியன் காலுக்கு வடக்கு,
சண்முகவடிவு பாத்திய நஞ்சைக்குத் தெற்கு'
வரைக்கும் தட்டிவிட்டுக்
கிழக்கெல்லைக்காக மூலப்பத்திரத்தைப் புரட்டினேன்.
நிமிர்ந்தபோது நின்றிருந்தது.

திரையின் மூலையில் மணி 11:42.
வீரவநல்லூரில் மணி 11:50.
எட்டு நிமிடம் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது,
எனக்குத் தெரியவில்லை.

மவுஸ் அசையவில்லை.
கேப்ஸ் லாக்கை அழுத்தினால்
அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை.
ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்து
ஆறு எழுத்தை ஒவ்வொன்றாய், பைய,
காதுக்குள் ஓதுவதுபோல அழுத்தினேன்.
உள்ளே விசிறி மட்டும்
யார் வீட்டிலோ என்னவோ என்று சுற்றிக்கொண்டிருந்தது.

'சவத்தத் தூக்கி ஆத்துல போடு'
என்றார் நாறும்பூ.
அவருக்கு அரிசி ஆலையில் ராத்திரி முறை.
பகலில் கண் திறந்தால்
அவ்வளவுதான் பேசுவார்.

ஆற்றில் போடலாம்.
புதன்கிழமை உலகம்மாளுக்குப் பதிவு.
இருபத்துமூன்று சென்ட், அட்வான்ஸ் வாங்கிச் செலவும் பண்ணியாச்சு.

வில்லங்கம் எங்கே என்று தெரியாதபோது
எங்கே இல்லை என்பதை எழுது:
பன்னிரண்டு வருசப் பத்திரத் தொழில்
எனக்குச் சொன்னது இது ஒன்றுதான்.

வடக்கே மெமரி.
இரண்டு குச்சியையும் கழற்றி
பென்சில் ரப்பரால் பொன்விளிம்பைத் தேய்த்து
ஒன்றுக்கு ஒரு ராத்திரி, மற்றதற்கு ஒரு ராத்திரி
சோதனையை ஓடவிட்டேன்.
விடிந்ததும் பார்த்தால் பிழை பூஜ்யம், இரண்டு நாளும்.
இத்தனை சுத்தமான பட்டா
இந்த வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை.

தெற்கே சூடு. பக்கத்தகட்டைத் திறந்தால் ஒரு கை உமி,
நாறும்பூ சட்டையில் வந்தது.
ஊதித் தள்ளினேன். சூடெல்லாம் இல்லை.

கிழக்கே ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கையில்
உலகம்மாள் வந்தாள்.
நாத்தனார் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாளாம்.
போட்டாலும் போடுவாளாம்.
அவள் அழுது முடிப்பதற்குள்
இது மறுபடி நின்றது.

அதன் பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன்.
கடைசியாக ஒரு சாதாரண வரி.
அடுத்த வரியில் புதுப் பிறப்பு.
நடுவில் போன உயிருக்கு
ஒரு சாட்சிக் கையெழுத்து இல்லை.

அப்புறந்தான் நோட்டை எடுத்தேன்.
நின்ற நேரங்களை எழுதி
எதிரே, அப்போது நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதினேன்.
மூலப்பத்திரம் புரட்டினேன்.
டீ போட்டேன்.
உலகம்மாள் அழுதாள்.
மறுபடி டீ.

தட்டும்போது ஒருமுறைகூட நிற்கவில்லை.
நான் கையெடுத்தால்தான்,
வேலை இல்லாதபோதுதான்.

சும்மா இருக்கும் பிராசசர்
தூக்கத்துக்குப் படிப்படியாய் இறங்குமாம்.
ஒன்று, மூன்று, ஆறு.
ஆறாம் படியில் பாசி போலிருக்கிறது.
இறங்கியது ஏறி வரவில்லை.

மேற்கெல்லை பார்க்கவில்லை.
கரண்டைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன், பாவம்.
கிரப் கோப்பில் ஒரே வரி சேர்த்தேன்:
முதல் படியோடு நில்,
அதற்குக் கீழே போகாதே.

ஒன்பது நாள் ஆயிற்று. ஓடுகிறது.
விசிறி முன்னைவிடக் கொஞ்சம் சத்தம்.
உலகம்மாள் நிலத்துக்குக் கிழக்கே வண்டிப்பாதை என்று
எழுதி, பதிந்து, முடிந்தது.
நாத்தனார் வந்தாள்.
கொழுக்கட்டைகூடக் கொண்டுவந்தாள்.

ஆனாலும் டீ போட்டுத் திரும்பினால்
முதலில் கேப்ஸ் லாக்கை அழுத்துகிறேன்.
பச்சை எரிகிறது. அணைக்கிறேன்.

நாறும்பூ பகலில் தூங்கும்போது
குறட்டை ஓடி ஓடி
நடுவில் சட்டென்று நிற்கும்.
முன்பெல்லாம் அந்த அமைதியில்
நிம்மதியாய் நாலு வரி தட்டுவேன்.

இப்போது எழுந்து போய்
கால் கட்டைவிரலை
ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்.

'என்னட்டி' என்கிறார்.
'ஒண்ணுமில்ல' என்கிறேன்.